மூடிய கைக்குள் ஒரு காடு

சாமியை நினைத்துக்கொண்டு சொல்கிறேன், கேளுங்கள் கண்ணுகளா.

எத்தனையோ தலைமுறைக்கு முன்னே பூதவராயன் என்று ஒரு ராஜா ஆண்டான். அவன் நாட்டில் ஊருக்கெல்லாம் பொதுவாய் ஒரு காடு. ஆடு அங்கே மேய்ந்தது. அடுப்புக்குச் சுள்ளி அங்கே கிடைத்தது. காய்ச்சலுக்குப் பச்சிலை அங்கே முளைத்தது.

ராஜாவுக்கு ஏழடுக்கு மாளிகை கட்ட ஆசை. கஜானாவிலோ பொன் இல்லை. காடு விலைக்கு என்று தண்டோரா போட்டான்.

மிளகு வியாபாரம் செய்த தேவானை என்பவள், தன் கப்பலையும் வீட்டையும் விற்று அந்தக் காட்டை வாங்கினாள்.

"மரத்தை வெட்டி விற்கப் போகிறாயா?" என்றான் ராஜா.

"இல்லை மகாராஜா. ஊருக்கே தானமாய்க் கொடுக்கப் போகிறேன்."

அந்தக் காலத்தில் தானம் என்றால் நீர் வார்த்துத்தான் கொடுப்பார்கள். கொடுப்பவர் ஊற்ற, வாங்குபவர் கையேந்த வேண்டும். கொடுத்ததைத் திரும்பப் பெறவும் அதே முறைதான். வாங்கியவர் மனமொப்பித் தம் கையாலேயே வார்த்துத் தர வேண்டும். இதை மீறிய ராஜாவுக்காக எந்தப் படைவீரனும் வாள் எடுக்க மாட்டான்.

"ஊருக்குக் கை ஏது? ஊர்த்தலைவன் கையில் ஊற்று" என்றான் ராஜா.

"ஒரு கை என்றால் முறுக்கிவிடுவீர்கள்" என்றாள் தேவானை.

ஊரையே வரச்சொன்னாள். கைக்குக் கீழே கை வைக்கச்சொன்னாள். செம்பைச் சாய்த்தாள். நீர் கைக்குக் கை மாறி வழிந்தது. கடைசியாய் நின்ற பிள்ளைத்தாய்ச்சி, குயவர் வீட்டுச் செங்கமலம், தன் கைக்கு வந்த நீரை வயிற்றில் தடவிக்கொண்டாள்.

மந்திரி சிரித்தான். "பிறக்காததுக்கும் பங்கா? பேராசைதான் உனக்கு."

"அது பொறந்தா சோறாக்கச் சுள்ளி வேண்டாமா சாமி?" என்றாள் செங்கமலம்.

"அதற்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன்" என்றாள் தேவானை.

மாளிகை மூன்றாம் அடுக்கோடு நின்றது. பொன் தீர்ந்துவிட்டது. ராஜாவுக்கு மறுபடி காட்டின் மேல் கண்.

முதலில் ஆயர்களிடம் போனான். ஆட்டைப் பிடிப்பேன் என்றான். பயந்துபோய் நீர் வார்த்தார்கள்.

அடுத்துக் குயவர்களிடம் போனான். சூளையை இடிப்பேன் என்றான். அழுதுகொண்டே வார்த்தார்கள்.

பிறகு, இன்னும் வார்க்காமல் இருந்த செங்கமலத்தின் வாசலுக்கு வந்தான். ஆயரும் குயவரும் தலைகுனிந்து பின்னால் நின்றார்கள். அவள் மடியில், பிறந்து பத்து நாளான பெண் குழந்தை.

"என் பங்கையே தர மாட்டேன். இவ பங்கு இவ கையில இருக்கு. கை மூடியிருக்கு, பாருங்க. வேணும்னா இவளையே கேட்டு வாங்கிக்கோங்க" என்றாள்.

ராஜா குனிந்து, அந்தப் பிஞ்சுக் கையைத் திறக்க விரலை விட்டான். குழந்தை விரலைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டது. இழுத்தான். விடவில்லை. குனிந்தபடியே நின்றான்.

யாரோ ஒரு ஆயன் சிரித்துவிட்டான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்கப் பயம் கழன்றது.

"நாங்களும் தரவில்லை மகாராஜா. பயந்து வார்த்த நீர் தானமாகாது" என்றார்கள்.

ராஜா படைவீரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தான். ஒரு வீரனும் அசையவில்லை. காடு காடாகவே நின்றது. மாளிகையில் புறாக்கள் குடியேறின.

ஆகையால் கண்ணுகளா, பொது நிலத்தைக் காக்கக் கொடுக்கிறவர் இனிப் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், வாங்கினவர் எந்த ராஜா வந்தாலும் கையைத் திறக்கக் கூடாது.