பத்து நாள் சுற்றிய பரிசல்

"உன்னை நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

செங்கோடன் துடுப்பைக் கரையில் வீசினார். அவர் இறங்கிய பரிசல் பின்னால் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

பாவாயி நிமிரவில்லை. மடியிலிருந்த மகளுக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் துறையில் பரிசல் கற்றுக்கொடுப்பவள் அவள்தான். வயது இருபத்தாறு. சீடருக்கு ஐம்பது.

"எதுக்கு மாமா கோவம்?"

"எதுக்கா? பத்து நாளா துடுப்புப் போடறேன். நின்ன எடத்துலயே கரகாட்டம் ஆடுது! துவைக்க வந்த பொம்பளைங்க துணியை விட்டுட்டு என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க!"

"பலம் பத்தலையோ என்னவோ."

"பலமா? இருபது வருசம் கல்லு உடைச்ச கை அம்மிணி இது!"

அன்று உச்சிப்பொழுதுக்குள் அக்கரையில் அவர் பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள்.

"பரிசலுக்கு ஆள் தேடி மாமா வந்து சேர்றதுக்குள்ள பந்தியே முடிஞ்சிரும்" என்று மருமகன் நாலு பேர் முன்னால் சிரித்திருந்தான்.

"நானே ஓட்டிக்கிட்டு வர்றேன் மாப்ளே" என்று இவர் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பாவாயி கூழ் தீர்ந்த கிண்ணத்தைப் படியோரம் தேங்கிய தண்ணீரில் மிதக்கவிட்டாள்.

"இதை எதிர்ப்படிக்கு அனுப்புங்க."

"விளையாடற நேரமா இது?"

"அனுப்புங்க மாமா."

அவர் கிண்ணத்தின் விளிம்பில் ஓரமாக ஒரு தட்டுத் தட்டினார். சுற்றியது.

பலமாகத் தட்டினார். வேகமாகச் சுற்றியது. அங்கேயே.

"பாரு! இதுவும் உன் ஆளுதான்!"

பாவாயி மகளை இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தை கிண்ணத்தின் பின்னால் விரலை வைத்தது. நடுவைப் பார்த்து நேராகத் தள்ளியது. கூழ் ஒட்டிய ஒற்றை விரல்.

கிண்ணம் சுற்றவில்லை. நேரே போய் எதிர்ப்படியில் டக்கென்று முட்டியது.

செங்கோடன் கிண்ணத்தையே பார்த்தார்.

பிறகு, வீசிய துடுப்பைத் தானே போய் எடுத்துக்கொண்டு பரிசலில் ஏறினார்.

இந்தத் தடவை பக்கவாட்டில் போடவில்லை. முன்னால் குனிந்து, எட்டி ஊன்றி, தண்ணீரைத் தன் நெஞ்சுக்கு நேராக இழுத்தார்.

பரிசல் கிளம்பியது.

துவைக்கும் கல்லில் சிரிப்பு நின்றது.

அக்கரையில் மேளம் கேட்கத் தொடங்கியபோது, அவருக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது. கையை நிறுத்தாமல் கத்தினார்.

"இதை மொத நாளே சொல்லியிருக்கலாமில்ல!"

பாவாயி கரையிலிருந்து கத்தினாள்.

"தெனமும் சொன்னேன் மாமா! பாதி சொல்றதுக்குள்ள நீங்க பரிசலோட அந்தப் பக்கம் திரும்பிருவீங்க!"