தோள் மாத்த ஆளு

"யாரு, நானா அப்பாவ அனாதையா விட்டுட்டு வந்தேன்? நாக்கு கூசலையாண்ணே உனக்கு? பக்கத்து வீட்டு ஹசீனாக்கா அப்பா கூட உக்காந்திருக்காங்க. ஒரே ஒரு மணி நேரம் நான் மடத்துல பாடம் கேக்க வந்தா, உனக்கு மெட்ராஸ்ல வயிறு எரியுதா?... ஆமா, எனக்குப் பாடம் ஒரு கேடுதான். நீ வாயேன், எல்லாக் கேட்டையும் விட்டுடுறேன்... என்னது? 'உன்ன மாதிரி யாருக்கு வரும்'மா? வைய்யி போன!"

அவன் வைக்கிறதுக்குள்ள இவளே வச்சுட்டா. மரகதம் அப்படித்தான்.

அவ அப்பா வாதம் வந்து படுத்து மூணு வருஷமாச்சு. புரட்டிப் போடணும், ஊட்டணும், பீத்துணி மூத்திரத்துணி அலசணும். எல்லாம் இவ ஒருத்திதான். அண்ணன் தண்டபாணி எப்பவாச்சும் வருவான். ஹார்லிக்ஸ் பாட்டில வைப்பான், அப்பா பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுப்பான், "பாத்துக்கம்மா"ன்னுட்டு பஸ் ஏறிருவான்.

இவ போட்ட சத்தத்துக்கு, மடத்துல பாடம் எடுக்குற சாமியே வெளிய வந்துட்டாரு. சாமிக்கு மரகதத்த விட வயசு கம்மி. அதனால அக்கான்னுதான் கூப்பிடுவாரு.

"உக்காருங்கக்கா."

"உக்கார முடியாது சாமி. ஒரு கேள்வி. ஒருத்தியே எத்தன நாளைக்குத் தாங்குவா?"

"நம்ம சப்பரத்த நாலு வீதிக்கும் எப்படித் தாங்குறாங்க?"

"ஐய, இதுவும் ஒரு கேள்வியா? முனைக்கு முனை தோள் மாத்திக்குவாங்க. சாமி, நீங்க கதைய ஆரம்பிக்காதீங்க. எனக்குக் கதை வேணாம், ஆளு வேணும்."

பாடத்துக்கு வந்திருந்தவங்க கொல்லுனு சிரிச்சுட்டு, அவ திரும்பிப் பாத்ததும் வாயப் பொத்திக்கிட்டாங்க.

"அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்காமயா? வருஷத்துல ரெண்டே மாசம் நீ வந்து பாருன்னேன். 'புண்ணியம் முழுசும் உனக்கே இருக்கட்டும்மா'ங்கிறான். புண்ணியத்த இப்படி வாரி விடுற வள்ளல எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? அவன விடுங்க. பாடம் முடிஞ்சு நான் கெளம்பும்போது நீங்க என்ன சொல்லுவீங்க?"

சாமிக்கு சட்டுன்னு ஞாபகம் வரல. வந்ததும் தலை தானா குனிஞ்சுது.

"'அப்பாவ பாத்துக்கங்கக்கா'ன்னு சொல்லுவேன்."

"சொல்லுவீங்கல்ல? ஊரே அதத்தான் சொல்லுது. பாக்க வர்றவன் எல்லாம் பாத்துக்கோ பாத்துக்கோங்கிறான். பாத்துக்கிறவள எவன் பாத்தான்?"

சாமி அன்னைக்குப் பாடம் எடுக்கல.

மடத்துக் குருபூசை வந்துச்சு. தண்டபாணியும் வந்தான். அப்பாவுக்காகன்னு நெனச்சுடாதீங்க. சப்பரத்தோட முன்தண்டு அவங்க குடும்பத்து உரிமை. தலையில பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, முதல் மரியாதை பண்ணுவாங்க. அப்பாவுக்குப் பத்து நிமிஷம், சப்பரத்துக்கு முழு நாள்.

சப்பரம் கெளம்புறதுக்கு முன்னாடி, தோள் மாத்துற ஆளுங்கள சாமி தனியா கூப்பிட்டாரு.

"எல்லாருக்கும் மாத்துங்க. தண்டபாணி அண்ணனுக்கு மட்டும் யாரும் போகாதீங்க."

முதல் முனை. மத்த தோளெல்லாம் மாறுச்சு. தண்டபாணி பக்கவாட்டுல பாத்தான். ஆள் வரல, சாமிதான் கூட நடந்து வந்தாரு.

"நீங்க பாத்துக்குவீங்கண்ணே. உங்கள மாதிரி யாருக்கு வரும்?"

தண்டபாணிக்கு முகமெல்லாம் பல்லு.

ரெண்டாவது முனை. பல்லு போயிருச்சு. கண்ணு பிதுங்குது, பரிவட்டம் நழுவி மூக்குக்கு வந்துருச்சு.

"புண்ணியம் முழுசும் உங்களுக்கே இருக்கட்டும்ணே."

மூணாவது வீதியிலதான் அவங்க வீடு. வாசலுக்கு வர்றப்போ தண்டபாணிக்குக் கால் பின்னிருச்சு. என்னமோ கத்துனான். தவில் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல. ஆனா சப்பரம் தூக்குற ஊர்ல அந்த வாயசைவு தெரியாதவங்க யாரு? தோள் மாத்துங்கடா!

சாமி கையத் தூக்குனாரு. தவில் நின்னுச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்க, அவரே குனிஞ்சு, தண்டபாணிய விலக்கிட்டு, தண்டுக்குக் கீழ தன் தோளக் குடுத்தாரு. சாமி சப்பரம் தூக்கி அந்த ஊரு பாத்ததே இல்ல.

அந்த நேரம் பாத்து மரகதம் வெளிய வந்தா. அப்பாவுக்கு மாத்துன துணி வாளியில. சப்பரம் வர்றத கூட மறந்து வந்துட்டா. கற்பூரத் தட்டோட நின்னவங்க ரெண்டடி பின்னால போனாங்க.

தண்டுக்குக் கீழ இருந்து சாமி பேசினாரு. மூச்சு வாங்குச்சு.

"அக்கா, ஒருத்தியே எத்தன நாளைக்குத் தாங்குவான்னு அன்னைக்கு என்கிட்ட கேட்டீங்க. அது என்கிட்ட கேக்க வேண்டியதில்ல. இப்போ அண்ணன்கிட்ட கேளுங்க."

மரகதம் வாளிய வாசப்படியில, சப்பரத்துக்கு நேரா வச்சா. கைய சேலையில தொடச்சா.

"அண்ணே, ரெண்டரை வீதிக்கே உனக்குத் தோள் மாத்த ஆளு வேணும். எனக்கு எப்ப வந்து மாத்துவ? எந்த மாசம்னு சொல்லு. பக்கத்துல வந்து என் காதுல சொல்லாத. அங்கனயே நில்லு. சாமி தோள்ல சப்பரம் நிக்குது, ஊரே நிக்குது. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."