குன்றிமணிக் குவியல்

புல்வெளி ஓரத்துப் பாறை இடுக்கில் பூவாயி என்றொரு முயல் குடியிருந்தது. மருதாயி என்ற கௌதாரி, சுருளி என்ற அணில், கிட்டான் என்ற ஆமை மூன்றும் அதன் நண்பர்கள்.

நால்வரும் ஒன்றாகத்தான் இரை தேடப் போவார்கள். அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததல்ல. மற்ற மூவரும் தலையைக் குனிந்து மேய்வார்கள்; காவல் பூவாயியின் காதுகளுக்கு. அந்தக் காதுகள் விறைத்து நின்று, பின்னங்கால் தரையைத் தட்டினால், ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஓடி ஒளிந்துகொள்வார்கள். மருதாயி அப்போதுதான் கிளறிய கறையான் புற்றைக்கூடத் திரும்பிப் பார்க்காது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெளியே தலை காட்ட முடியவில்லை. நால்வரும் பூவாயியின் வீட்டில் முடங்கிக் கிடந்தார்கள்.

"சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடறதுக்கு, ஒரு ஆட்டம் ஆடலாமா?" என்றது சுருளி. "வனக்காவலர் வீட்டுக் கூரை மேல இருந்து பார்த்தேன். போக்கர்னு ஒரு சீட்டாட்டமாம். சீட்டுக்குப் பதிலா நாம இலையை வெச்சுக்கலாம்!"

"எப்படி ஆடணும்?" என்று கேட்டது மருதாயி.

"ஆளுக்கு அஞ்சு இலை. யாருக்கும் காட்டக் கூடாது. ஒரே மரத்து இலை யார்கிட்ட அதிகமோ அவங்க ஜெயிச்சாங்க. நம்ம கையில நல்ல இலைன்னு தோணினா நடுவுல குன்றிமணி வைக்கணும். பயந்தவங்க ஒதுங்கிக்கலாம்."

"கையில ஒண்ணுமே இல்லேன்னா?" என்று கேட்டது பூவாயி.

"அங்கதான் ருசியே! இருக்கிற மாதிரி நடிக்கணும். எல்லாரும் பயந்து ஒதுங்கிட்டா குவியல் உனக்கு!"

"குன்றிமணியை வெச்சு என்ன பண்றது? தின்னா செத்துப்போவோம்!" என்றது மருதாயி.

"அதனாலதான் அக்கா அது! தோத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை!"

கிட்டான் ஓட்டுக்குள்ளிருந்து மெல்லத் தலையை நீட்டியது. "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பேசிக்கலாமா? எதெல்லாம் ஆட்டத்துல சேர்த்தி, எதெல்லாம் சேர்த்தி இல்லைன்னு..."

"அண்ணே, நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள மழையே விட்டுடும்! இலையைப் போடுங்க!" என்றது சுருளி. எல்லோரும் சிரித்தார்கள். கிட்டான் தலையை இழுத்துக்கொண்டது.

முதல் நாள் முழுக்கத் தோற்றது பூவாயிதான். நல்ல இலை வந்தால் அதன் காது தானாக நிமிரும். மோசமான இலை வந்தால் தானாகத் தொங்கும். பார்த்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், அல்லது குன்றிமணியைக் கூட்டி வைப்பார்கள்.

"இலையை எதுக்குடி மறைக்கிற? முதல்ல காதை மறை!" என்று மருதாயி விழுந்து விழுந்து சிரித்தது.

பூவாயியும் கூடச் சிரித்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பு உள்ளே குத்தியது. மறுநாள் விடிந்ததும் வாசலில் தேங்கிய மழைநீருக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. காதுகளை அசையாமல் வைத்துப் பழகியது. பிறகு, காரணமே இல்லாமல் அவற்றை நிமிர்த்தப் பழகியது. முதன்முதலாகக் காதுகள் அதன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு எழுந்து நின்றபோது, தண்ணீரில் தெரிந்த முயல் யாரோ போல இருந்தது.

மூன்றாம் நாள் பூவாயிக்கு வந்தவை ஐந்தும் ஐந்து மரத்து இலைகள். ஒன்றுக்கும் உதவாதவை. பூவாயியின் காதுகள் விறைத்து நின்றன. பின்னங்கால் படபடவென்று தரையைத் தட்டியது.

"அக்கா, சத்தியமாச் சொல்றேன், ஒதுங்கிக்கோ!"

மருதாயியிடம் நான்கு புங்க இலைகள் இருந்தன. அது பூவாயியின் காதுகளைப் பார்த்தது. இலைகளைக் கீழே வைத்துவிட்டது. பூவாயி தன் இலைகளைத் திருப்பிக் காட்டியதும் பாறையே அதிரும்படி கூச்சல்!

"அடிப்பாவி! சத்தியமும் பண்ணிக் காலையும் தட்டினியே! இனிமே உன் காதை நம்பினா என் பேரு மருதாயி இல்லை!"

அன்று எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது பூவாயிதான். காது நிமிர்வது நிஜமா நடிப்பா என்று யாருக்கும் பிடிபடவில்லை; இரண்டே நாளில் காட்டுக் குன்றிமணியெல்லாம் அதன் வீட்டு மூலையில் சிவப்பாகக் குவிந்துவிட்டது.

ஆறாம் நாள் மழை விட்டது. பசியோடு நால்வரும் புல்வெளிக்குப் போனார்கள். ஈசல் புறப்பட்டிருந்தது. மருதாயி தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருந்தது.

அதற்குப் பின்னால், கோரைப் புல் காற்றில்லாமல் அசைந்தது. இரண்டு மஞ்சள் கண்கள். காட்டுப்பூனை!

பூவாயியின் காதுகள் விறைத்தன. பின்னங்கால் படபடவென்று தட்டியது.

மருதாயி நிமிர்ந்து பார்த்தது. தலையைச் சாய்த்துச் சிரித்தது. "எத்தனை புங்க இலைடி வெச்சிருக்கே?"

"அக்கா, பூனை! பின்னால! சத்தியமா!"

காது சொல்வதை வாய் சொல்லி முடிக்க ஒரு மூச்சு நேரம் அதிகம் ஆகும். அந்த ஒரு மூச்சு பூனைக்குப் போதுமாக இருந்தது.

ஈர மண்ணில் மூன்று இறகுகள் கிடந்தன. ஈசல்கள் இன்னும் பறந்துகொண்டிருந்தன.

சுருளி வேப்பமரத்திலிருந்து இறங்கி வந்தது. "நானும் உன் காதைப் பார்த்தேன், பூவாயி. நீ நடிக்கிறதாத்தான் நெனச்சேன். மரம் பக்கத்துல இருந்தது. அதான் பொழச்சேன்."

"நான் அன்னிக்கே..." என்று ஆரம்பித்த கிட்டான், பூவாயியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

பூவாயி அழவில்லை. வீட்டு மூலையிலிருந்த குன்றிமணிகளை வாய் வாயாகக் கவ்விக்கொண்டு போய், தான் காதைப் பழக்கிய அந்தத் தண்ணீரிலேயே போட்டது. கடைசி மணி விழுந்த பிறகும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு யாரும் இலை போடவில்லை.

சில நாட்கள் கழித்து மூவரும் மீண்டும் மேயப் போனார்கள். வானத்தில் ஒரு பருந்தின் நிழல். பூவாயியின் காதுகள் நிமிர்ந்தன.

சுருளி அந்தக் காதுகளைப் பார்த்தது. பிறகு, தானும் ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகே ஓடியது.

அந்த ஒரு பார்வையைப் பூவாயி கவனித்தது. காதுகளை மெல்லத் தொங்கவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாகப் பாறைக்குள் நுழைந்தது.

நண்பர்களோடு ஆட உட்காரும் முன், எதை ஒருபோதும் பணயம் வைக்கக் கூடாது என்பதைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். விளையாட்டில் தோற்ற நம்பிக்கையை அடுத்த ஆட்டத்தில் வென்றெடுக்க முடியாது.