மூன்று சுழிப் பாடம்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில் ஒரு கரடி தலைவராக இருந்தது. யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. அப்படிக் கேட்டவர்கள் யாரும் அந்தக் காட்டில் தங்கவில்லை.

கரடி ஒரு பள்ளிக்கூடம் வைத்தது. கிளியை வாத்தியாராகப் போட்டது. பாடம் ஒன்றே ஒன்றுதான்: மண்ணுக்குள் இருக்கும் கிழங்குகளில் எது நல்லது, எது நஞ்சு. கிளி தன் வாழ்நாளில் ஒரு கிழங்கைக்கூடத் தோண்டியதில்லை. அதனால் என்ன? பாட்டு இருந்ததே!

"கொடி வலம் சுற்றினால் தின்னு! இடம் சுற்றினால் ஓடு!"

கோடையில் அங்கே கிழங்கைத் தவிர வேறு தீனி கிடையாது. தேர்வில் தேறாத பிராணி கிழங்குக் காட்டில் கால் வைக்கக் கூடாது என்பது கரடியின் சட்டம். தோற்றால் பட்டினி.

செம்பி என்ற பன்றிக்குட்டிக்குப் பாட்டைக் கேட்டாலே கொட்டாவி வரும். தேர்வுக்கு முன் கிளி கத்தியது: "எல்லோரும் மனப்பாடம் செய்து வாருங்கள்!"

கிளியின் வளைந்த அலகில் இரண்டு சுழி 'ன' எல்லாம் மூன்று சுழி 'ண' ஆகத்தான் வந்து விழும். செம்பியின் காதில் 'மணப்பாடம்' என்று விழுந்தது. அதற்கு ஒரே மகிழ்ச்சி. 'அட, இது நமக்குத் தெரிந்த வேலையாயிற்றே!' என்று கிழங்குக் காடு முழுவதும் மூக்கை நுழைத்து முகர்ந்து திரிந்தது.

தேர்வு நாள் வந்தது. குரங்கு பாட்டைத் தலைகீழாகக்கூடப் பாடிக் காட்டியது. "சபாஷ்! முதல் மாணவன்!" என்றது கிளி.

அடுத்துச் செம்பி வந்து நின்றது. பாடாமல் மூக்கைத் தடவிக்கொண்டது.

"செய்தாயா, இல்லையா?"

"செய்தேன் வாத்தியாரய்யா. மூக்குதான் தேய்ந்துபோச்சு."

"மூக்கா?"

"மணப்பாடம் செய்யச் சொன்னீங்களே! ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன்."

பள்ளிக்கூடமே உருண்டு சிரித்தது. குரங்கு கிளையிலிருந்து விழுந்து, விழுந்த இடத்திலும் சிரித்தது.

"இரண்டு சுழிக்கும் மூன்று சுழிக்கும் வித்தியாசம் தெரியாத மக்கே! உனக்குக் கிழங்கு கிடையாது, போ!" என்றது கிளி.

"நீங்க எத்தனை சுழி போட்டீங்கன்னு உங்க வாயைப் பார்த்தால் தெரியலையே, ஐயா."

இதற்குள் கரடிக்குப் பசி வந்துவிட்டது. "முதல் மாணவனே, ஒரு கிழங்கு கொண்டு வா."

குரங்கு ஓடியது. கோடை வெயிலில் கொடியெல்லாம் காய்ந்து உதிர்ந்திருந்தது. வலமும் இல்லை, இடமும் இல்லை. கைக்கு வந்ததைப் பிடுங்கி வந்து நீட்டியது.

செம்பியின் மூக்கு துடித்தது. "தலைவரே, வேண்டாம்! அது நாறுது!"

"தோற்றவர்கள் பேசக் கூடாது!" என்றது கிளி.

"அப்படியென்றால் வாத்தியாரே, முதலில் நீ தின்னு" என்றது கரடி.

"நான்... பழம் மட்டும்தான் தலைவரே."

கரடி நாக்கு நுனியால் ஒரு நக்கு நக்கியது. அவ்வளவுதான். நாக்கு வீங்கிப் பலாச்சுளை மாதிரி வெளியே தொங்கியது. அதன் வாயிலும் இப்போது எல்லாம் மூன்று சுழிதான்.

"இணி எல்லோருக்கும் மணப்பாடம்! மோந்து படிக்காதவணுக்குத் தீணி இல்லை!"

மறுநாள் பள்ளிக்கூடம் முழுவதும் மண்ணுக்குள் மூக்கு. குரங்குக்குத் தும்மல்தான் வந்தது. "மூக்கு கெட்ட மக்கே, வெளியே போ!" என்றது கிளி. செம்பியைப் பார்த்துச் சிரித்த வாய்களே குரங்கைப் பார்த்தும் சிரித்தன. சிரிப்பதற்கு ஆள் யாராக இருந்தால் என்ன?

குரங்கு மரத்தடியில் முடங்கிக் கிடந்தது. செம்பி பக்கத்தில் போனது.

"சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ" என்றது குரங்கு.

"சிரிப்பு வரத்தான் செய்யுது. நேத்து நீ என்ன சிரிப்பு சிரிச்சே! சரி, உன் மண்டையில் எதுதான் ஏறும்?"

"பாட்டுன்னா ஏறும்."

"அப்போ எழுந்திரு. நான் மோந்து சொல்றேன், நீ பாட்டாக் கட்டு."

செம்பி முகர்ந்துகொண்டே முன்னால் போனது. குரங்கு கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே பாடியது: "புங்கமரத்தடி நல்லது! பாறையோரம் கொல்லுது!"

அன்று மாலை குரங்கு கொண்டுவந்த கிழங்குகளைக் கரடி ஒரு தோல்கூட மிச்சம் வைக்காமல் தின்றது.

"மோசடி! குரங்கு மோந்து பார்க்கவே இல்லை! பாடித்தான் படித்தது! இதைத் துரத்துங்கள்!" என்று கிளி இறக்கையை அடித்துக்கொண்டது.

செம்பி கேட்டது: "தலைவரே, இன்றைக்கு உங்கள் நாக்கு வீங்கியதா?"

"இல்லை."

"பிறகென்ன? அது காதால் படித்தால் என்ன, வாலால் படித்தால் என்ன?"

கரடியின் வாய் நிறையக் கிழங்கு. போங்கள் என்று கையை மட்டும் ஆட்டியது. குரங்கும் செம்பியும் மற்ற எல்லாமும் கிழங்குக் காட்டுக்குள் ஓடின.

கிளி இன்னும் அதே கிளையில் உட்கார்ந்து, மனப்பாடம் மனப்பாடம் என்று கத்துகிறது. எத்தனை சுழி என்று யாரும் கேட்பதில்லை. அவரவருக்கு வேண்டிய சுழியை அவரவர் போட்டுக்கொள்கிறார்கள்.

நீதி: உனக்கு எந்த வழியில் ஏறுகிறதோ அந்த வழியில் படி, அதையே அடுத்தவர் மூக்கில் திணிக்காதே.