லேயாள் அண்டா

"அக்கா, அந்தப் பேச்சியம்மா என் அண்டாவை வித்துட்டா!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆசிரம வாசலில் நின்றபடியே சொன்னார் மாசிலாமணி.

சுகிர்தம் அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் அங்கே அவள்தான் குரு. வயதானவர்களுக்கும் அவள் அக்காதான்.

"வித்ததைப் பாத்தீங்களா?"

"கடையில அண்டாவைக் காணோம். வேற என்ன செஞ்சிருப்பா?"

"போய்க் கேளுங்க அண்ணாச்சி."

மாசிலாமணி முப்பது வருஷம் பஞ்சாலையில் ஸ்டோர் கீப்பர். சீட்டு இல்லாமல் ஒரு ஆணிகூட அவரைத் தாண்டிப் போனதில்லை. மனைவி லேயாள் செத்த பிறகு, மிச்ச நாளை ஆண்டவருக்கே விட்டுவிடுவோம் என்று இங்கே வந்தார்.

உள்ளதையெல்லாம் கொடுத்தவர்களுக்குத்தான் அந்த ஆசிரமத்தில் கழுத்துக்கு மரச்சிலுவை கிடைக்கும். அவரும் கொடுத்தார். வீடு போனது. கட்டில், பீரோ, சைக்கிள் போயின. கடைசியில் லேயாள் சீதனமாகக் கொண்டுவந்த எவர்சில்வர் அண்டா. அவள் பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அதைத் தெருவோரம் இட்லி விற்கும் பேச்சியம்மாளுக்குக் கொடுத்தார்.

கொடுத்துவிட்டு, இட்லி வாங்குகிற சாக்கில் வாராவாரம் போய் அண்டாவைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். நடுவில் மூட்டுவலி வந்து மூன்று மாதம் படுக்கவைத்துவிட்டது. இன்றுதான் எழுந்து போனார். அண்டா இல்லை.

திரும்பவும் போய்க் கேட்டார்.

"விக்கவா? நல்லாக் கேட்டீக!" என்றாள் பேச்சியம்மாள். "பாத்திமுத்து மகளுக்குப் பிரசவம். வெந்நி வைக்க ஏனம் இல்லன்னு வந்து நின்னா. எடுத்துட்டுப் போன்னு குடுத்துட்டேன்."

மாசிலாமணி நம்பவில்லை. பாத்திமுத்து வீட்டுக்கு நடந்தார்.

"பிள்ளைக்கு நாப்பது நாள் கழிஞ்சதும் சுடலைமுத்துக்குக் குடுத்துட்டேன் ஐயா. செங்கச்சூளையில கூட இருக்கவங்களுக்கும் சேத்துப் பொங்குறான்லா!"

சூளையில் சுடலைமுத்து இல்லை. கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டானாம்.

அண்டாவும் கேரளா போயிருக்கும், இல்லாவிட்டால் பழைய பாத்திரக்கடைக்குப் போயிருக்கும் என்று மாசிலாமணி முடிவு கட்டினார். திரும்பி வந்தபோது மூட்டு விண்விண் என்று தெறித்தது.

"மூணு பேரும் கூட்டுக் களவாணிங்க அக்கா. என் லேயாள் அண்டா போச்சு."

அக்கா தலை நிமிரவில்லை. இவளுக்கும் இதில் ஏதாவது தெரியுமோ என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சிலுவை வாங்கணும்லா? எல்லாம் குடுத்தாச்சா அண்ணாச்சி?"

"குடுத்தாச்சு."

"அப்ப வாங்க. ஏனம் தேய்க்கணும்."

அவர் அதுவரை சமையல்கட்டுக்குள் வந்ததே இல்லை. கஞ்சி அண்டா அடியிலிருந்து விளிம்புவரை கரி பிடித்துக் கிடந்தது. அக்கா சாம்பலும் தேங்காய் நாரும் கொடுத்தாள். பலகை போட்டு உட்கார்ந்து தேய்த்தார்.

கரி கரைந்தது. முதலில் ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு புள்ளிகள் வரிசையாக வந்தன.

லேயாள்.

மாசிலாமணி அதை எழுத்தெழுத்தாகப் படித்தார். அடுத்த நொடியே கண் சுருங்கியது.

"இது இங்க எப்படி வந்துச்சு?"

"சுடலைமுத்து கேரளா போறப்ப குடுத்துட்டுப் போனான்."

"இதுலதான் எனக்குத் தினமும் கஞ்சி வந்துச்சா?"

"உங்களுக்கும், இன்னும் நாப்பது பேருக்கும்."

"தெரிஞ்சுக்கிட்டே என்னை அலையவிட்டீங்க!"

"ஆமா. வேணும்னா இப்பவே எடுத்துட்டுப் போங்க."

அவர் அண்டாவின் வளையத்தைப் பிடித்தார். தூக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"பேச்சியம்மா குடுத்துட்டா. பாத்திமுத்து குடுத்துட்டா. சுடலைமுத்தும் குடுத்துட்டான்" என்றாள் அக்கா. "நீங்க எப்போ அண்ணாச்சி?"

அந்தப் பேரை ஒருதரம் விரலால் தடவினார். அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதார்.

சாயங்காலக் கஞ்சிக்கு நேரமாகியிருந்தது.

அண்டாவைக் கழுவி அவரே அடுப்பில் ஏற்றினார். தண்ணீர் ஊற்றினார். பேர் வெட்டிய பக்கத்தைத் தீ எரியும் பக்கமாகத் திருப்பி வைத்தார்.