எழுந்த வேலைக்கு எந்த இடம்?

"எல்லா பிராசஸருக்கும் சுமையைச் சமமாப் பங்கு போட்டுட்டேன் மேடம். அப்பவும் எச்சரிக்கை தாமதமாத்தான் போகுது" என்றார் தெய்வநாயகம்.

கடலோரத்தில் இருந்தது அந்த எச்சரிக்கை மையம். கடல் சீறினால் படகுகளுக்குச் செய்தி அனுப்புவது அங்குள்ள கணினியின் பொறுப்பு. புதிய அலையளவு வந்து எழுப்பும்வரை அதற்குள் வேலைகள் தூங்கிக் கிடக்கும். எழுந்த வேலை, கணினிக்குள் கணக்குப் போடும் பல பிராசஸர்களில் எதற்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதியை எழுதியவர் தெய்வநாயகம்.

போன வாரம் ஒரு படகு கவிழ்ந்தது. ஆட்கள் நீந்திப் பிழைத்தார்கள். செய்தி அதற்குப் பிறகுதான் போயிற்று.

அவருக்கு இந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தவர் ஜெசிந்தா. வயதில் அவரைவிட இளையவர்.

"எழுந்த வேலையை எங்கே அனுப்புறீங்க?" என்று கேட்டார்.

"எது சும்மா இருக்கோ, அங்கே."

ஜெசிந்தா எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

கடற்காற்று வந்தது. சாப்பிட்ட மயக்கம் வேறு. சக்கரம் வைத்த நாற்காலியில் சாய்ந்தபடியே தெய்வநாயகம் கண்ணயர்ந்தார்.

கனவில் தரை தண்ணீராக இருந்தது. கதவுகள் கரையைப் போல மெல்ல நகர்ந்தன. எங்கோ மணல் உரசும் சத்தம். யாரோ அவரைத் தாலாட்டியபடி தள்ளிக்கொண்டு போனார்கள்.

"சார், எழுந்திருங்க! காலையில வந்த அலையளவு என்ன? சீக்கிரம் சொல்லுங்க!"

ஜெசிந்தாவின் குரலில் திடுக்கிட்டு விழித்தார். வெறும் அறை. வெறும் மேசை. துழாவிய கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"என் கண்ணாடி? பேப்பரெல்லாம் எங்கே?"

"உங்க அறையில."

"பிறகு என்னை ஏன் இங்கே தள்ளிட்டு வந்தீங்க?"

"இது சும்மா இருந்துச்சு" என்றார் ஜெசிந்தா.

தூக்கம் கலையாத கால்களோடு தெய்வநாயகம் தம் அறைக்கு ஓடினார். அங்கே அவருடைய இடத்தில் உதவியாளர் பரிமளம் உட்கார்ந்து மும்முரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னும் அரை மணி ஆகும் சார்" என்றாள், தலை நிமிராமல்.

தெய்வநாயகம் நின்றார். தவித்தார். அதே மேசையின் மறுபக்கத்தில் ஒரு ஸ்டூல் காலியாகக் கிடந்தது. சட்டென்று அதில் உட்கார்ந்தார். எட்டிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பேப்பரை இழுத்துப் பார்த்து, அளவைச் சொன்னார்.

ஜெசிந்தா வாசலில் நின்றிருந்தார்.

"இங்கே ஏன் உட்கார்ந்தீங்க?"

"இதுவும் சும்மாத்தானே இருக்கு மேடம். கையை நீட்டினா எல்லாம் எட்..."

அவர் பாதியில் நிறுத்திவிட்டுப் பேப்பரின் ஓரத்தில் எழுதினார்: "எழுந்த வேலைக்கு, அதன் தகவல்கள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சும்மா இருக்கும் பிராசஸர்."