தும்பைக்குடியின் மேடுகள்

அங்கமுத்து நாற்பது வருஷம் சுவர் எழுப்பிய கொத்தனார். ஒரே மாதத்துக் காய்ச்சலில் மனைவியும் இரண்டு மகன்களும் போய்ச் சேர்ந்தார்கள். அறுபத்திரண்டு வயதில், வீட்டுக் கதவைச் சாத்தக்கூடத் தோன்றாமல் வெளியே வந்தவர், ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த உலகம்மை என்ற துறவியின் பின்னால் நடக்கத் தொடங்கினார். உலகம்மைக்கு அவரைவிடப் பதினேழு வயது குறைவு. ஆனாலும் 'தாயே' என்றுதான் கூப்பிட்டார்.

ஒரு வருஷம் அவர் எதுவும் கேட்கவில்லை. அடைமழைக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு காய்ந்த ஓடையைத் தாண்டுகையில் கேட்டார்.

"தாயே, வீட்டுல நாங்க நாலு பேர். மூணு பேரைக் கொண்டுபோன காய்ச்சல் என்னை மட்டும் ஏன் விட்டுவச்சுது?"

உலகம்மை நடையை நிறுத்தவில்லை.

"பக்கத்துல தும்பைக்குடின்னு ஒரு ஊர் இருக்கு. நாளைக்குக் காலையில அங்க இருக்கலாம்" என்றார்.

மறுநாள் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. அங்கமுத்துவின் கண்ணுக்கு ஊர் எதுவும் தெரியவில்லை. புல் மண்டிய பொட்டல், அங்கங்கே முள், தூரத்தில் பாதையே இல்லாமல் தனியாக நின்ற ஒரு சிறிய கோயில். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மேடும் தன் பக்கத்தில் ஒரு நிழலைப் போட்டிருந்தது. நிழல்கள் சதுரம் சதுரமாக, வரிசையாகக் கிடந்தன. இரண்டு வரிசைக்கு நடுவே இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு பள்ளம் நேராக ஓடியது. ஆளும் மாடும் வண்டியும் போய்ப் போய்த் தேய்ந்த தெரு அது. அதற்கு அப்பால் புல்லுக்கு அடியில் பழைய வரப்புகள், கோடு கோடாக.

கொத்தனின் கண் சும்மா இருக்காது. இது மூலை, இது வாசற்படி, இது தொழுவம் என்று பார்த்துக்கொண்டே போனார். அறுபது வீட்டுக்கு மேல் இருந்திருக்கும். யாரும் இல்லாமல் போவது என்பதை இவ்வளவு பெரிய இடத்தில் விரித்துப் போட்டு அவர் பார்த்ததில்லை. தன் வீடு ஞாபகத்துக்கு வந்தது.

"எல்லாரும் எங்க போனாங்க, தாயே?"

"மழை ஏமாத்துன வருஷம் கொஞ்சப் பேர். ஆறு தள்ளிப் போன வருஷம் கொஞ்சப் பேர். மத்தவங்க ஏன் போனாங்கன்னு யாருக்கும் தெரியாது."

தெருவின் கடைசியில், முள்ளுக்கு மறைவாக, மூன்று வீடுகள் மட்டும் நின்றன. அவற்றில் ஒன்றின் மேற்குச் சுவர் இடிந்து, உள்ளே இருந்த அடுக்குப் பானைகள் வெளியே தெரிந்தன.

அந்த வீட்டுக்காரி பேச்சி ஒரு மேட்டின்மேல் நின்று கடப்பாரையால் கல் நெம்பிக்கொண்டிருந்தாள். வயிற்றில் ஏழு மாதம். சுவர் விழுந்தபோது புருஷன் சுடலையின் கால் அதில் மாட்டி முறிந்துவிட்டது. கட்டுப் போட்டு அவன் உள்ளே படுத்திருந்தான். மழை வருவதற்குள் சுவர் எழும்பியாக வேண்டும்.

அங்கமுத்து அவள் தோண்டிய குழியை எட்டிப் பார்த்தார். கருகிய மூன்று கற்கள், முக்கோணமாக. பக்கத்தில் ஒரு பானையின் வாய் விளிம்பு, பாதி அம்மி. யாரோ ஒருத்தி தினமும் உட்கார்ந்து சமைத்த அடுப்படி.

"வேண்டாம்மா" என்றார். "இதுல கை வைக்காதே."

"ஏன் பெரியவரே?"

"ஒரு குடும்பம் இருந்த இடம் இது."

பேச்சி நிமிர்ந்தாள். வேர்வையைத் துடைத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அப்போ நாங்க இருக்கிறது என்ன இடம்?"

அங்கமுத்து உலகம்மையைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தார்.

உலகம்மை முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தார். குனிந்து, அந்த அடுப்புக் கல்லில் ஒன்றைத் தூக்கிச் சும்மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டு, பள்ளத் தெரு வழியாகப் பேச்சி வீட்டுக்கு நடந்தார்.

அங்கமுத்துவுக்கு நெஞ்சு எரிந்தது. எதிர்வரிசையில் ஒரு மேட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். வெயில் உச்சிக்கு வந்ததும் நிழல்கள் வற்றின. மேடுகள் மறைந்து எல்லாம் மறுபடி வெறும் பொட்டலாயிற்று. உலகம்மை மட்டும் கல்லோடு போவதும் வெறுங்கையோடு வருவதுமாக இருந்தார். ஒருமுறைகூட இவர் பக்கம் திரும்பவில்லை. கூப்பிட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பிற்பகலில் பேச்சி கல் அடுக்க ஆரம்பித்தாள். அங்கமுத்து பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார். முடியவில்லை. அவள் கல்லுக்கு நேர்மேல் கல் வைத்தாள். இணைப்புக்கு நேர்மேல் இணைப்பு வந்தது. மூன்றாவது வரிசையிலேயே சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளியது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கால் முறிந்த ஒருத்தன் படுத்திருக்கிறான்.

எழுந்து போனார்.

"தள்ளு தாயி. இது ஒரு மழைக்குத் தாங்காது."

"நீங்க கொத்தனாரா?"

"ஆமா."

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?"

உள்ளே இருந்து சுடலை சிரித்தான். ஒருத்தர் சிரித்துக் கேட்டு அங்கமுத்துவுக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

மூன்று வரிசையையும் பிரித்துப் போட்டு அடியிலிருந்து தொடங்கினார். பேச்சி மண் குழைத்துக் கொடுத்தாள். அடுத்த வீட்டு மாயாண்டி கல் சுமக்க வந்தார். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேர் பார்த்தார் அங்கமுத்து. கை எதையும் மறக்கவில்லை.

இரண்டாம் நாள், அந்த அடுப்படி மேட்டிலிருந்து வந்த ஒரு கல்லைப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். அதன் அடிப்புறத்தில் பழைய சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தார். கீழே இன்னொரு பூச்சு. வேறு மண், வேறு கை. ஒரு பக்கத்தில் செதுக்கிய தாமரை இதழ் பாதி தெரிந்தது. யாரோ அதைத் தலைகீழாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

உலகம்மையிடம் எடுத்துப் போனார்.

"தாயே, அந்த அடுப்படிக்காரங்களும் இதை எங்கிருந்தோ பெயர்த்துத்தான் எடுத்து வந்திருக்காங்க."

உலகம்மை தன் உள்ளங்கையில் உரிந்திருந்த தோலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கல்லா?" என்று மட்டும் கேட்டார்.

"உறுதியான கல்."

"மூலைக்கு வைங்க."

வைத்தார். மனைவியின் பெயரைச் சொல்லிக்கொண்டார். யாருக்கும் கேட்கவில்லை.

நான்காம் நாள் சுவர் கூரையைத் தொட்டது. பேச்சி கேப்பைக் கூழ் காய்ச்சினாள். மூன்று வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து குடித்தார்கள். கிழக்கே தொலைவில் மேகம் திரளத் தொடங்கியிருந்தது. உலகம்மை எழுந்து தன் மூட்டையைத் தோளில் போட்டார். அங்கமுத்துவும் எழுந்தார். இருவரும் பள்ளத் தெரு வழியே ஊர் முனைவரை நடந்தார்கள்.

முனையில் உலகம்மை நின்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேடுகள் மறுபடி ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கமுத்து, இதோ இந்த மேட்டுல ஒரு சின்ன வீட்டுக்குக் கல் தேறுமா?"

அங்கமுத்து மேட்டைச் சுற்றி வந்தார். காலால் தட்டிப் பார்த்தார். குனிந்து ஒரு மூலையில் மண்ணைத் தள்ளினார். அகலம் பார்த்தார்.

"தாராளமாத் தேறும் தாயே. ஒரு ஆள் இருக்கிற வீடுன்னா மழைக்கு முன்னாடியே முடிச்சிடலாம்."

"அப்போ நான் வரேன்" என்று சொல்லிவிட்டு உலகம்மை தனியாக நடந்தார்.